கழற்றியவர், பூட்டியவர் – கோவை ஜி. டி. நாயுடு



பரிசளிப்பு நாள் என்றாலே மேடை ஏறி வருகிற பிள்ளைகளுக்குத்தான் கைதட்டல். தட்டத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு மண்டபத்தின் கடைசி வரிசையிலே, பரிசு ஒன்றும் இல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. வாய்ப்பாடு கேட்டால் முழிக்கும். ஆனால் வீட்டிலே கெட்டுப்போன ரேடியோ, ஓடாத காற்றாடி, அப்பாவின் பழைய சைக்கிள், எது கிடைத்தாலும் கழற்றிப் போட்டுவிடும். அதற்காகவே அப்பாவிடம் ஏச்சும் வாங்கும்.

அந்தப் பிள்ளையையும், ஏசுகிற அந்த அப்பாவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். கதை என்றால் கற்பனை அல்ல. தமிழ்நாட்டிலே, கோயம்புத்தூரிலே வாழ்ந்து, 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி மறைந்த ஒரு பெரிய மனிதரின் வரலாறு. அவர் பெயர் ஜி. டி. நாயுடு. முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு.

கோவைக்குப் பக்கத்திலே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார் துரைசாமி. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பையன் அங்கே நிலைக்கவில்லை. வாத்தியார் மேலேயே மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடியவர் என்றுகூட ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடத்து மலரிலே இப்படிப்பட்ட ஆளைப் பற்றியா எழுதுவது என்று ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசி வரை வாசியுங்கள்.

ஊரிலே வயல் வேலை பார்த்துக்கொண்டு, வாலிப வயதை எட்டிய நேரம். நிலவரி இலாகாவிலே இருந்த லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கமாக மோட்டார் சைக்கிளிலே வந்தார். மாடு இழுக்காமல், குதிரை இழுக்காமல், தானே ஓடுகிற வண்டி! ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. வண்டி வழியிலே நின்றுபோனது என்றும், துரை அதைத் துடைத்துச் சரிசெய்ததைப் பையன் பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தான் என்றும் சொல்வார்கள். மற்றவர்களெல்லாம் வண்டி ஓடுவதைப் பார்த்தார்கள். துரைசாமியோ அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

அது ரட்ஜ் என்ற பெயருடைய வண்டி. இங்கிலாந்திலே கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி செய்தது. அந்தக் காலத்திலே ரட்ஜ் என்றால் பந்தய உலகத்திலும் பெரிய பெயர். மான் தீவிலே நடக்கும் புகழ்பெற்ற டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 1914-ஆம் ஆண்டு சீனியர் பிரிவிலே முதலாவதாக வந்தது சிரில் புல்லின் ஓட்டிய ரட்ஜ்தான்.

அந்த வண்டி மேலே துரைசாமிக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் கையிலே காசு ஏது? வீட்டிலே கேட்டு அழவில்லை. கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு ஓட்டலிலே பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்தார். எச்சில் மேசையைத் துடைத்தும், இலை போட்டும், சாம்பார் வாளி தூக்கியும் காசு காசாகச் சேர்த்தார். முந்நூறு ரூபாய் என்பது அந்த நாளிலே சின்னத் தொகையா? அதைச் சேர்த்து முடிக்கும்வரை அவர் பின்வாங்கவில்லை. கடைசியிலே அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார்.

இதுவரைக்கும் நடந்தது ஆசை. ஆசைப்பட்டு வண்டி வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அடுத்தது என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். வண்டியிலே ஏறி ஊரைச் சுற்றிப் பெருமை காட்டாமல், அதை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார்!

இப்போது உள்ள மோட்டார் சைக்கிள் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அந்த வண்டிக்கு ஒரே ஒரு சிலிண்டர். அதிலே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து போய், தீப்பொறி பட்டு வெடிக்கும். அந்த வெடிப்பிலே பிஸ்டன் இறங்கும், சக்கரம் சுற்றும். தீப்பொறியைக் கொடுப்பது மேக்னட்டோ என்ற காந்தப் பெட்டி. இஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போவது சங்கிலி அல்ல, ஒரு பெல்ட். மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் தொய்யும். இஞ்சினுக்கு எண்ணெய்கூட ஓட்டுகிறவரே அப்போதைக்கப்போது கைப்பம்பை அழுத்தித்தான் விட வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளுக்கு விளக்கு என்றால் கார்பைட் விளக்கு. விடியாக் காலையிலே தலையில் மாட்டிக்கொண்டு நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டப் போனார்களே, அதே கார்பைட்தான்.

இப்படிப்பட்ட வண்டியைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், படித்துத் தெரிந்துகொள்ளத் தமிழிலே புத்தகம் இல்லாமல், ஓட்டலில் வேலை பார்த்த ஒரு வாலிபர் பிரித்தார். பிரித்ததோடு விட்டாரா? இல்லை. எந்தத் திருகாணி எங்கே இருந்தது, எந்த வளையம் எதற்குள்ளே போனது என்று பார்த்துப் பார்த்துத் திரும்பவும் பூட்டினார். வண்டி ஓடியது! மறுபடியும் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். இதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

மாணவச் செல்வங்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கழற்றுவது சுலபம். ஒரு ஸ்பேனர் போதும், கொஞ்சம் முரட்டுத்தனம் போதும். திரும்பப் பூட்டுவதற்குத்தான் புத்தி வேண்டும், ஒழுங்கு வேண்டும், பொறுமை வேண்டும். கடைசியிலே ஒரு திருகாணி மிஞ்சினாலும் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதை ஒப்புக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற மனசும் வேண்டும்.

பிறகு அவர் மெக்கானிக்காக வேலை பார்த்தார். பஞ்சு வியாபாரத்திலே இறங்கி, பம்பாய் வரைக்கும் போய் நஷ்டப்பட்டும் வந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை. கோவையிலே தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்த வாலிபரின் திறமையை அறிந்து கடன் கொடுத்து உதவினார். அதைக்கொண்டு ஒரு பஸ் வாங்கி, 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற பெரிய நிறுவனமானது. 1930-களிலே 200-க்கும் மேற்பட்ட பஸ்கள்! நேரம் தவறாமல் ஓடுவதற்குப் பெயர் பெற்றவை.

சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரிலே ரொட்டி விற்கிறவரும் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரும் பக்கத்திலே ஒரு பெட்டியைச் சேர்த்துக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரிதான். அதிலேயும் பந்தயம் உண்டு. மான் தீவிலே 1923-ஆம் ஆண்டே சைட்கார் பந்தயம் தொடங்கிவிட்டது. அந்தப் பந்தயத்திலே ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்திலே இருக்கிறவர் ஒருவர். வளைவு வரும்போது அந்த இரண்டாமவர் உடம்பை வெளியே சாய்த்து வண்டியை அழுத்திப் பிடிக்காவிட்டால் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிடும், வண்டி கவிழ்ந்துவிடும். ஆனால் மறுநாள் பேப்பரிலே பெரிதாக வருவது ஓட்டியவர் பெயர்தான்.

நாயுடுவுக்கும் வளைவான நேரத்திலே சாய்ந்து தாங்கியவர்கள் இருந்தார்கள். ஸ்டேன்ஸ் ஒருவர். இன்னொருவர் டி. பாலசுந்தரம் நாயுடு. இவரோடு சேர்ந்துதான் 1937-ஆம் ஆண்டு கோவை பீளமேட்டிலே, நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் பட்டறையிலே, இந்திய மண்ணிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரைக் கொண்டுவந்தார். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் வண்டியிலே பக்கத்து இருக்கை உங்களுடையது. வளைவிலே நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை நிமிர்ந்து போவதும் கவிழ்ந்து போவதும்.

அப்புறம் அவர் கை வைக்காத துறை எது? பேட்டரியில் ஓடும் சவர இயந்திரம், மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் காற்றாடி, ஓட்டுப் பதிவு செய்யும் கருவி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1941-ஆம் ஆண்டு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ஆம் ஆண்டு, இரண்டு பேர் உட்காரும் சிறிய காரை 2,000 ரூபாய் விலையிலே கொண்டுவந்தார். ஆனால் அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. ஏழைக்கும் எட்டியிருக்கும் அந்தக் கார் அத்தோடு நின்றுபோனது. திறமை இருந்தால் எல்லாக் கதவும் தானாகத் திறந்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது. அவருக்கும் கதவு அடைபட்டது. அவர் அடுத்த வேலைக்குப் போனார்.

இப்போது ஆசிரியர்களுக்குப் பதில் சொல்கிறேன். பள்ளியை விட்டு ஓடிய இந்த மனிதர், பணம் வந்தபிறகு செய்த பெரிய காரியம் என்ன தெரியுமா? பள்ளிக்கூடம் கட்டியது! 1945-ஆம் ஆண்டு அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையிலே ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அந்தக் கல்லூரிதான் பிற்காலத்திலே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்றது. நான்கு வருஷப் படிப்பு வீண், பட்டறையிலே நேராக வேலை கற்றால் இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. அன்றைய ஆட்சி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று வாதாடலாம். ஆனால் ஒன்று உறுதி. அவர் வெறுத்தது படிப்பை அல்ல, கை படாத படிப்பை. பள்ளியிலே விட்டதைப் பிறகு தேடித் தேடிப் படித்தார், ஆங்கிலம் கற்றார், வெளிநாட்டுப் பட்டறைகளைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆகவே நாயுடு ஓடினார், நானும் ஓடுகிறேன் என்று எந்தப் பையனும் புத்தகப் பையைத் தூக்கி எறிய வேண்டாம். அவர் ஓடி வந்து சேர்ந்த இடமும் ஒரு கல்விக்கூடம்தான்.

நம் புக்கிட் பெலண்டோக் பக்கம் வருவோம். பால்மரக் காடெல்லாம் செம்பனைக் காடாகிவிட்டது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நாயுடு ஓட்டலிலே உழைத்துச் சேர்த்து வாங்கியதை, நம் பையன்கள் மாதத் தவணையிலே வாங்கிவிடுகிறார்கள். வாங்கி என்ன செய்கிறார்கள்? சிலர் அவரைப் போலவே கழற்றத்தான் செய்கிறார்கள். ஆனால் கழற்றுவது சைலன்சரையும் கண்ணாடியையும்! ராத்திரி பத்து மணிக்கு மேலே மெயின் ரோட்டிலே ரேஸ் விடுகிறார்கள். பந்தயம் என்றால் அதற்கென்று திடல் உண்டு, தலைக்கவசம் உண்டு, வண்டியைச் சோதிக்க ஆள் உண்டு, விதி உண்டு. எதிரே லாரி வருகிற சாலையிலே விடுவது பந்தயம் அல்ல, உயிரைப் பணயம் வைப்பது. எத்தனை வீட்டுச் சுவரிலே இருபது வயதுப் பையனின் படம் மாலையோடு தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். தாயார்மாருக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

தம்பிமார்களே, அதே வண்டியைப் பகலிலே, வீட்டு வாசலிலே, ஒரு பழைய துணியை விரித்துக் கழற்றுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு திருகாணி மிஞ்சாமல் பூட்டுங்கள். கணக்கையும் அறிவியலையும் விடாமல் படித்து எஸ்.பி.எம். தேறுங்கள். பக்கத்திலே போர்ட்டிக்சனிலேயே ஒரு பொலிடெக்னிக் இருக்கிறது. நாயுடுவுக்குத் தன் ஊர்ப்பக்கம் இல்லாமல் போனது உங்களுக்கு ஒரு பஸ் தூரத்திலே இருக்கிறது.

பெற்றோர்களே, ரேடியோவைக் கழற்றிய பிள்ளையை அடிக்கக் கை ஓங்குமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஏன் கழற்றினாய் என்று ஏசுவதை விட்டு, திரும்பப் பூட்டிக் காட்டு என்று சொல்லுங்கள். பூட்டிவிட்டால் அதுவும் ஒரு பரிசுக்குரிய வெற்றிதான்.

கோவை அவிநாசி சாலையிலே 2015-ஆம் ஆண்டு ஜி. டி. நாயுடு குடும்பத்தார் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். அதே சாலையிலே 2025-ஆம் ஆண்டு அக்டோபரிலே திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்திலே கிராமத்திலிருந்து கோவைக்கு ஓட்டல் வேலை தேடிப் போன பையன். இன்றைக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் அவர் பெயரின் மேலே ஏறிப் போகின்றன.

கடைசி வரிசையிலே கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையே! உன் கை சும்மா இருக்கப் பிறந்த கை அல்ல. கழற்று. ஆனால் பூட்டக் கற்றுக்கொள். அடுத்த வருஷம் மேடையிலே சந்திப்போம்.