ஜேன் ஒஸ்டினும் தம்பிக்குத் தைத்த சட்டைகளும்

எமது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த எல்லோருக்கும் ஜேன் ஒஸ்டினைத் தெரியும். அவருடைய தம்பி சார்ள்ஸ் எமது திருகோணமலையில், எஸ்பிளனேட் அருகேயுள்ள பழைய சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஜேன் 1775 டிசெம்பர் 16 அன்று இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் மதகுரு ஒருவரின் மகளாகப் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவரும் அக்கா கசான்ட்ராவும் மட்டுமே பெண்கள். கடைக்குட்டியான சார்ள்ஸ் எண்டிமியன் என்ற போர்க்கப்பலில் இருந்த 1800ஆம் ஆண்டில், அவருக்கான சட்டைகள் வீட்டில் தைத்து முடிய முடிய அரை டசினாக அனுப்பப்பட்டன. தையல் மெசின் இல்லாத காலம். அடுத்த வருடம் சார்ள்ஸ், பகைக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்குப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார்.

தந்தை 1805இல் காலமானார். நிலையான வீடின்றி அலைந்த தாயும் மகள்மாரும் 1809இல் சோட்டன் கிராமத்தில் குடியேறினர். மூவரும் துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த போர்வை அவ்வீட்டில் இன்றும் உண்டு. முதல் நாவல் வெளிவந்த 1811இலும் அதற்குத் துணி சேர்க்கும்படி அக்காவுக்குக் கடிதத்தில் நினைவூட்டியிருக்கிறார் ஜேன். அந்த நாவலிலோ அவர் பெயர் இல்லை.

கடைசியாக முடித்த பேர்சுவேஷன் நாவலில், நோயில் கிடக்கும் ஸ்மித் அம்மையாருக்குக் கை வழங்கத் தொடங்கியதும் தாதி ஒருவர் நிட்டிங் பழக்குகிறார். இன்று இதைத் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். எமது நிட்டிங் வகுப்பில் வியர்க்க வியர்க்கக் கம்பளிக் காலுறை பின்னியபோது, இந்த ஊரில் யாருக்கு இது என்று சிரித்திருக்கிறோம். குறைமாதக் குழந்தையின் உடற்சூடு தலைவழியே எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை விடுதியில் கண்டபின் நான் சிரிப்பதில்லை. ஒரு சிறு கம்பளித் தொப்பி அங்கே மருந்துக்குச் சமம்.

அந்த நாவலை எழுதும்போதே ஜேன் நோயுற்றிருந்தார். என்ன நோய் என்று மருத்துவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அடிசன் நோய் என்போர் உண்டு. 1817 ஜூலை 18 அன்று, 41 வயதில் வின்செஸ்டரில் காலமானார். நான் அந்த வயதைக் கடந்துவிட்டேன். அவ்வருட இறுதியில் நாவல் வெளிவந்தபோதுதான், சகோதரர் ஹென்றி எழுதிய குறிப்பின்மூலம் வாசகர்கள் அவர் பெயரை அறிந்தனர்.

சார்ள்ஸ் கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாகி, 1852 ஒக்டோபர் 7 அன்று பர்மாவின் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தார். வயது 73. ஊருக்கு வரும் சகோதரிகள் கோட்டைக்குப் போகும் வழியில் அந்தச் சேமக்காலைக்குள்ளும் ஒரு தடவை போய்வாருங்கள்.