மக்காச்சோள மணியைப் படித்த மேதை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

வயலில் எல்லாப் பயிரும் ஒன்றுபோல் நிற்க, ஒன்று மட்டும் மாறுபட்டு நின்றால் அதைக் கலவன் என்று பிடுங்கி எறிவது உழவர் வழக்கம். அந்த மாறுபட்ட செடியையே ஆசானாகக் கொண்டு மரபணுக்களின் இரகசியத்தை அறிந்தவர் பார்பரா மெக்ளின்டாக் அம்மையார்.

அவர் 1902ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தாயார் தயங்கினார். அதிகம் படித்த பெண்ணை யார் மணப்பார் என்ற கவலைதான் காரணம். நம் ஊர்த் திண்ணைகளில் கேட்கும் அதே பேச்சு! தந்தையின் ஆதரவால் 1919இல் கார்னெல் பல்கலைக்கழக வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1923இல் இளம் அறிவியல் பட்டமும், 1927இல் தாவரவியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1931இல் ஹாரியட் கிரெய்ட்டனுடன் சேர்ந்து, மரபுப் பண்புகள் மாறிச் சேரும்போது குரோமோசோம் துண்டுகளும் இடம் மாறுகின்றன என்று மக்காச்சோளத்தில் மெய்ப்பித்தார். ஆயினும் நிலையான பதவி எளிதில் கிட்டவில்லை. 1941இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம் சென்றார். இறுதிவரை அதுவே அவருடைய தவச்சாலை.

அங்கே சில கதிர்களில், வெளிறிய மணிகள்மேல் ஊதாப் புள்ளிகள் தெறித்திருந்தன. மரபுத் துண்டு ஒன்று நிறம் தரும் மரபணுவினுள் போய் அமர்ந்தால் அது செயலற்றுப்போய் மணி வெளிறுகிறது. மணி வளர்கையில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அத்துண்டு எழுந்து வெளியேறினால், அதன் வழிவந்த உயிரணுக்களில் மட்டும் நிறம் திரும்புகிறது. அதுவே புள்ளி! முந்தி வெளியேறினால் பெரும் புள்ளி, பிந்தி வெளியேறினால் சிறு புள்ளி. மரபணுக்கள் மணிமாலைபோல் அசையாதவை என்று நம்பிய அறிஞர்கள், 1951இல் அவர் இதை விளக்கியபோது ஏற்கவில்லை. அம்மையார் வாதாடவில்லை, வயலுக்குத் திரும்பினார். பின்னர் பாக்டீரியாக்களிலும் தாவும் துண்டுகள் காணப்பட்டபோது உலகம் அவரை நினைத்தது. 1983இல், 81ஆம் வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசை எவரோடும் பகிராமல் பெற்றார். 1992 செப்டம்பர் 2இல் மறைந்தார்.

அவர் கண்ட உண்மை நெல்லிலும் பயன் தந்தது. மக்காச்சோளத்தின் தாவும் துண்டுகளை நெல்லில் புகுத்தி விஞ்ஞானிகள் மாற்றுருச் செடிகளை உண்டாக்கினர். ஜப்பானில் நெல்லுக்கே உரிய டாஸ்17 என்னும் துண்டைக் கொண்டு ஏறத்தாழ 50,000 வழிகளை உருவாக்கினர். துண்டு விழுந்த மரபணு வேலை செய்யாது. செடி குட்டையானால் அம்மரபணு உயரத்துக்குத் துணை என்றும், நாற்று வெளுத்தால் அது பச்சையத்துக்குத் தேவை என்றும் ஊகிக்கலாம். புகுந்த துண்டே அடையாளமாக நின்று மரபணுவின் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் நாற்றங்காலில் எப்போதாவது வெள்ளை நாற்று ஒன்று தலைகாட்டும். சில நாளில் மடிந்துவிடும். அது ஏன் என்று அப்பா கேட்டதற்கு முன்பு எனக்கு விடை தெரியாது. இந்த விடுமுறையில் வரப்பில் அமர்ந்து அதை அவருக்குச் சொன்னேன். இனி அப்படி ஒன்று முளைத்தால் பிடுங்காமல் எனக்காக விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.