மிருதங்க ஒலியை ஆராய்ந்த இராமன்

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் உயர்பதவி ஏற்றார். ஆயினும் அவர் உள்ளம் அறிவியலையே நாடிற்று. அலுவலகம் செல்லுமுன்னும் மீண்ட பின்னும், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இசைக்கருவிகளின் ஒலியை ஆராய்ந்து வந்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளித்தபோது, ஊதியம் குறைவென்று எண்ணாது அதனை ஏற்றுக்கொண்டார்.

இசையொலிக்கும் கணிதத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. மீண்டும் மீண்டும் நிகழும் ஓர் அலை எத்துணைச் சிக்கலாயினும், அஃது எளிய அலைகள் பலவற்றின் கூட்டே ஆகும். இவ்வுண்மைக்கு வழிகாட்டியவர், புதுச்சேரியை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சு நாட்டின் கணித மேதை ஃபூரியே ஆவார். அவர் 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் இதற்குரிய கணக்கு முறையை விளக்கினார்.

வீணையின் தந்தி வினாடிக்கு 100 முறை அதிருமாயின், 200, 300, 400 முறை அதிரும் துணையொலிகளும் உடன் எழும். அவை முழுவெண் மடங்குகளாய் அமைதலால் ஒலி இனிக்கின்றது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் இயல்பு வேறு. அதன் முதலொலி 100 எனின், அடுத்தவை ஏறத்தாழ 159, 214 என ஒழுங்கின்றி அமையும். அங்ஙனமாயின், மிருதங்கம் மட்டும் சுரத்தோடு இசைந்து ஒலிப்பது எவ்வாறு?

இவ்வினாவிற்கு இராமன் விடை கண்டார். சிவகாளி குமார் என்பாருடன் ஆராய்ந்து, 1920இல் தம் முடிவை வெளியிட்டார். வலந்தலையின் நடுவே அப்பப்படும் கரணை என்னும் கருஞ்சாந்தே அவ்வினிமைக்குக் காரணம். தோலின் எடை நடுவில் மிகுதலால், துணையொலிகள் முழுவெண் மடங்குகளை அடைகின்றன. பின்னர் அவர் தோலின்மீது நுண்மணலைத் தூவி முழக்கினார். மணல் ஒதுங்கி நின்ற கோடுகளைக் கொண்டு அதிர்வு முறைகளைப் பிரித்தறிந்தார். ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களுள் அடங்குதலைக் கண்டார்.

ஒலியைப் பகுத்தறிந்த இராமன் ஒளியையும் பகுத்தறிந்தார். ஒருநிற ஒளி பொருளிற் பட்டுச் சிதறுங்கால் புதிய அதிர்வெண்களும் தோன்றுதலை 1928இல் கண்டு, 1930இல் நோபெல் பரிசு பெற்றார். 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

பெயரறியாக் கைவினைஞர் தம் செவியையே துணையாகக் கொண்டு செப்பஞ்செய்த கருவியில் நுண்ணிய கணிதம் உறைவதை உலகிற்கு உணர்த்தியவர் இராமன். நாள்தோறும் காணும் பொருளையும் எளிதென்று ஒதுக்காது, ஏன் என்று வினவுவதே அறிவியலின் முதற்படி அன்றோ?