மூணாவது தடவை பாஸ் ஆனவர்

உயிரியல் பாடத்துல ஏ.டி.பி. பற்றிப் படிக்கிறோம். நம்ம செல்லுக்குள்ளே சக்தியைச் சுமக்கிற பொருள். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் படித்தவர், மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் டாக்டர் யெல்லபிரகாட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திரா, அன்று சென்னை மாகாணம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினார். கோபாலபுரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளிக்குப் போய்விடலாம். அப்புறம் பீச் ரோட்டில் மாநிலக் கல்லூரி. அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி.

அங்கேயும் சோதனை. காந்தி சொன்னதைக் கேட்டு, கதர்த் துணியில் அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் அறைக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு நோய். சாப்பிடுகிற சத்து உடம்பில் ஒட்டாது, ரத்தம் குறைந்துகொண்டே போகும். அந்த நோயில் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்து போனார்கள். அப்போது அதற்கு மருந்தே இல்லை.

1922ல் மாமனார் செய்த பண உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. 1929ல் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார். அதே வருஷம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கே 1945ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுதான் மருந்து! அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை தருகிற இரும்புச்சத்து மாத்திரையிலும் இந்த ஃபோலிக் அமிலம் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகும். அன்றைக்கு அந்த நோய் வந்தால் சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் இந்தக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது. அணுக்கள் பெருக அந்தச் சத்து வேணும் என்பது புரிந்தது. அப்படியானால் அதைத் தடுத்தால்?

சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் போலிகளைச் செய்து கொடுத்தது. பூட்டுக்குள் நுழையும் ஆனால் திறக்காது, அப்படிப்பட்ட சாவி. அதில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. கொஞ்ச காலம்தான், மறுபடி வந்துவிட்டது. ஆனால் மருந்தால் இந்த நோயை அடக்க முடியும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான்.

அதன் தம்பி மருந்து மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துத் தருகிறார்கள். சில பேருக்கு அடுத்தவர் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து மாற்றுகிறார்களே, அப்போது வந்த செல்கள் நோயாளியின் உடம்பைத் தாக்காமல் இருக்கவும் இதே மருந்து உதவுகிறது. வசதியான நாடுகளில் இன்று இந்த நோயின் முக்கிய வகையில் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள்.

இதில் எதையும் சுப்பாராவ் பார்க்கவில்லை. ஃபார்பரின் முடிவு வெளிவந்து இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் காலமானார். நோபல் பரிசும் கிடைக்கவில்லை, இந்தியாவுக்குத் திரும்பி வரவும் இல்லை. அவர் பிறந்து நூறு வருஷம் ஆன 1995ல் நம் அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது.

மார்க் ஷீட்டைப் பார்த்து முகம் வாடுகிற நண்பர்களே, இரண்டு தடவை ஃபெயில் ஆன அந்தப் பையனும் மூணாவது தடவை பரீட்சை எழுதப் போனான். போகாமல் இருந்திருந்தால்?