இருபத்து மூன்றாம் இருக்கை

பெர்லின் அரச நாடக அரங்கில் 23ஆம் எண் இருக்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒருவருக்கே உரியதாயிருந்தது. அவர் தியோடர் ஃபொன்டானே. 1819இல் மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, தாமும் அத்தொழிலையே பயின்ற அவர், 1870இல் தம் ஐம்பதாம் அகவையில் ‘ஃபோசிஷே சைட்டுங்’ நாளிதழின் நாடகத் திறனாய்வாளரானார். பெயரின் முதலெழுத்துகளையே கையொப்பமாக இட்டார். அவ்வெழுத்துகளை ‘நாடகத்துக்கு அயலார்’ எனப் பொருள்படும் செருமானியத் தொடராக விரித்து நகையாடினோரும் உளர்! அவருடைய நாவல்களின் புகழை நாம் இங்கு விரிக்கப் புகவில்லை.

நம் நெஞ்சில் நிற்பது 1889 அக்டோபர் 20ஆம் நாள் நிகழ்ச்சியே. தணிக்கைக்கு உட்படாதிருக்க உறுப்பினர்க்கென்றே நாடகம் நடத்திய ‘கட்டற்ற மேடை’ என்னும் சங்கம், கெர்ஹார்ட் ஹௌப்ட்மன் என்னும் இருபத்தாறு வயது இளைஞரின் ‘விடியலுக்கு முன்’ நாடகத்தை லெஸ்ஸிங் அரங்கில் மேடையேற்றியது. நிலக்கரியால் திடீர்ச் செல்வம் பெற்ற உழவர் குடும்பமொன்று குடியால் அழிவதே கதை. அவையில் கூச்சலும் சீழ்க்கையும் எழுந்தன. பிள்ளைப்பேற்றுக் காட்சியின்போது மருத்துவர் ஒருவர் பேறுகாலக் குறட்டை உயர்த்திக் காட்டி எள்ளினார்.

எழுபதை நெருங்கிய ஃபொன்டானேயும் அவர்களோடு சேர்ந்து சினந்திருப்பின் வியப்பில்லை. அவரோ, அருவருப்பெனப் பிறர் கண்டவிடத்துக் கலையைக் கண்டு, அவ்விளைஞரை வெளிப்படையாகப் பாராட்டி எழுதினார். 1912இல் ஹௌப்ட்மனுக்கு நோபல் பரிசு கிட்டியது. அதனைக் காண அவர் இருந்திலர். 1898 செப்டம்பர் 20ஆம் நாளே மறைந்திருந்தார்.