சப்பாத்துத் தைத்தவர் கட்டிய புத்தகக் கோயில்

சென்ற ஆண்டின் இறுதியில், காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவரின் புத்தகங்களை மதிப்பிட்டுத் தருமாறு அவருடைய துணைவியார் என்னை அழைத்திருந்தார். இரண்டு அலுமாரிகள் நிறையப் புத்தகங்கள்; அவற்றின்மேல் கட்டுக்கட்டாகப் பழைய அச்சுத்தாள்கள். பாடசாலை விழா மலர்கள், திருமண வாழ்த்துப் பாக்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுக்கள், நாடக விளம்பரங்கள், பஞ்சாங்கங்கள் என அவை பலவகைப்பட்டிருந்தன. வாசலிலே பழைய கடதாசி வாங்குபவர் தராசுடன் காத்து நின்றார். அம்மையாருக்குப் பணம் தேவை. எனக்கோ புத்தகங்கள்மீது ஆசை. இவ்விரண்டுக்கும் இடையே நேர்மையான விலை எதுவென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றிரவு என் நினைவில் நின்றவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் பழைய புத்தகம் விற்றுப் பெரும்புகழ் எய்திய ஜேம்ஸ் லாக்கிங்டன் ஆவார்.

லாக்கிங்டன் 1746 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியிலுள்ள வெலிங்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் அவரே மூத்தவர். தந்தையார் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. உழைத்ததைக் குடித்துத் தீர்த்தவர். தாயார் நூல் நூற்றுப் பிள்ளைகளைக் காத்தார். சிறுவன் ஜேம்ஸ் தெருத்தெருவாகக் கூவிப் பணியாரம் விற்றான். பின்னர்ப் பஞ்சாங்கமும் விற்றான். பொருளை விலையாக்கும் வித்தை அவனுக்கு எழுத்துக்கு முன்னரே வாய்த்துவிட்டது. பதினான்காம் வயதில் டோன்டன் நகரிலே சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். தாய் கொடுத்த சில்லறைக் காசைத் தன் எசமானரின் மகனுக்குக் கொடுத்து அவனிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றான். அக்காலத்தில் ஜோன் வெஸ்லி தொடக்கிய மெதடிஸ்த இயக்கத்திலும் அவன் உள்ளம் ஈடுபட்டது.

பிரிஸ்டல் நகரில் கூலிக்குச் சப்பாத்துத் தைத்த நாட்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது என் மனத்தை எப்போதும் உருக்குவதாகும். அவரும் அவருடைய நண்பரும் நூல்கள் வாங்க விரும்பினர். ஆனால் எந்த நூலின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. பெயர் தெரியாமற் கடைக்குள் நுழைய வெட்கி நின்றனர். பின்னர்ச் சந்தையிற் பரப்பியிருந்த பழைய புத்தகங்களே அவர்களுக்கு வழி திறந்தன. இரவில் மூன்று மணி நேரமே உறங்கி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுக்கொண்டே தைக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். நூலகத்தின் வாயிலில் தயங்கி நிற்கும் முதல் தலைமுறை மாணவரைக் கண்ட ஆசிரியர் எவருக்கும் இவ்வெட்கம் புதிதன்று.

1770 இல் நான்சி என்னும் பெண்ணை அவர் மணந்தார். மூன்று ஆண்டுகளின் பின் பிழைப்புத் தேடி இலண்டன் சென்றார். நத்தார் முந்திய நாளில் வீட்டிலிருந்த ஒரே நாணயத்தை எடுத்துக்கொண்டு விருந்துக்குப் பொருள் வாங்கப் புறப்பட்டவர், பழைய புத்தகக் கடையொன்றிற் புகுந்து, எட்வர்ட் யங் என்பார் இயற்றிய இரவுச் சிந்தனைகள் என்னும் கவிதை நூலை வாங்கித் திரும்பினார். விருந்து அன்றே முடிந்துவிடும், நூல் நிலைத்திருக்கும் என்று அவர் சமாதானம் கூறினார். நான்சி அதை ஏற்றுக்கொண்டார். வெறும் அடுப்பைப் பார்த்திருந்த அப்பெண்ணின் பொறுமையை இக்கதையைப் புகழ்வோர் நினைப்பதில்லை, நான் நினைப்பதுண்டு.

1774 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சிறு கடையை வாடகைக்கு எடுத்தார். ஒரு சாக்குப் பழைய புத்தகங்களும், வீட்டிலிருந்த சில நூல்களும், தோல் துண்டுகளுமே முதல். எல்லாம் சேர்ந்து ஐந்து பவுண் பெறும். மெதடிஸ்த சபையார் ஏழைத் தொழிலாளருக்கென வைத்திருந்த நிதியிலிருந்து வட்டியின்றி ஐந்து பவுண் கடன் கிடைத்தது. ஆறு மாதத்துள் கையிருப்பு இருபத்தைந்து பவுணாயிற்று. தோலைக் கைவிட்டுத் தாளையே தொழிலாகக் கொண்டார். ஆயின் 1775 இல் காய்ச்சல் அவரையும் மனைவியையும் ஒருங்கே வீழ்த்தியது. அவர் பிழைத்தார், நான்சி இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மணந்த டோர்க்கஸ், நூல்களில் மிக்க விருப்புடையவர். கடையைக் கணவருடன் சமமாக நடத்தினார். 1779 இல் வெளியான அவருடைய முதற் பட்டியலிற் பன்னீராயிரம் நூல்கள் இடம்பெற்றன.

1780 இல் அவர் எடுத்த முடிவு வணிக உலகைத் திடுக்கிடச் செய்தது. எவருக்கும் கடன் இல்லை. பிரபுவாயினும் கைக்காசு வைத்தே நூலைப் பெறவேண்டும். கடன் வாரா இழப்பு ஒழிந்தமையால் விலையைக் குறைக்க அவரால் இயன்றது. ஒவ்வொரு நூலிலும் அதன் இறுதி விலையை எழுதி வைத்தார். பேரம் பேசத் தெரியாத ஏழையும், பேசத் தெரிந்த செல்வனும் ஒரே விலையைக் கொடுத்தனர்.

இதனினும் துணிவான செயல் ஒன்றுண்டு. விற்பனையாகாது தேங்கிய பதிப்புக்களை இலண்டன் புத்தக வணிகர் தமக்குள் ஏலத்தில் வாங்கி, அவற்றுட் பாதியையோ முக்காற் பங்கையோ அழித்துவிட்டு, எஞ்சியவற்றை முழு விலைக்கு விற்பது அக்கால வழக்கம். தொடக்கத்தில் லாக்கிங்டனும் அவ்வழியே நடந்தவர்தாம். பின்னர் அது தவறென உணர்ந்து, ஒரு பிரதியையும் அழிக்காது யாவற்றையும் பாதி விலைக்கும் கால் விலைக்கும் விற்கலானார். ஏனைய வணிகர் சினந்து அவரை ஏலங்களிலிருந்து விலக்க முயன்றும் பயனில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். விலையைக் காப்பதற்காகப் புத்தகத்தை அழித்தவர்களும் இருந்தனர் என்பதை அமைதியாக வாசிக்க என்னால் இயலவில்லை.

1791 இல் ஆண்டுக்கு ஓரிலட்சம் நூல்களுக்கு மேல் விற்பதாக அவரே எழுதினார். சில ஆண்டுகளுள் பின்ஸ்பரி சதுக்கத்தில் நூற்று நாற்பது அடி முகப்புடைய மாபெரும் கடையொன்று எழுந்தது. கலைத்தேவியரின் கோயில் என அதற்குப் பெயரிட்டார். நடுமண்டபம் எவ்வளவு விசாலமெனக் காட்டும் பொருட்டு, நான்கு குதிரைகள் பூட்டிய வண்டியொன்று அதனுள்ளே சுற்றி ஓட்டப்பட்டதாம். குவிமாடத்தின் கீழ் அடுக்கடுக்காக மாடங்கள் வட்டமிட்டன. மேலே ஏற ஏற விலை குறைந்த, அட்டை நைந்த நூல்கள் இருந்தன. தம் உருவம் பொறித்த செப்பு வில்லைகளையும் அவர் அடித்து வெளியிட்டார்.

தற்பெருமை அவரிடம் மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை. 1791 இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தமக்கு முதற் கடன் தந்த மெதடிஸ்தரையே எள்ளி நகையாடினார். 1798 இல் தொழிலை உறவினரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றபின் அவர் மனம் மாறிற்று. 1804 இல் மற்றொரு நூல் எழுதித் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தேடிய செல்வத்தின் ஒரு பகுதியைச் செலவிட்டு, நகைத்த சபைக்கே ஆலயங்கள் கட்டிக் கொடுத்தார். 1815 நவெம்பர் 22 ஆம் நாள் கடலோர ஊராகிய பட்லி சோல்ற்றேட்டனில் மறைந்தார். மூன்று ஆண்டுகளின் பின், மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் நாவலை வெளியிட்டது அவர் பெயர் தாங்கிய நிறுவனமே. புத்தகக் கோயிலை 1841 இல் தீ உண்டது.

அம்மையாரின் அலுமாரிகளுக்கு வருகிறேன். பிறருடைய நூல்களை வாங்கும்போது லாக்கிங்டன் ஒரு முறையைக் கையாண்டார். தாம் தரக்கூடிய உச்ச விலையை ஒரே சொல்லிற் கூறுவார். விற்பவருக்கு ஐயம் எழுந்தால், மதிப்பீட்டுக் கூலியாக நூற்றுக்கு ஐந்து பெற்றுக்கொண்டு, வேறு கடைகளில் விசாரிக்க விடுவார். அதனினும் கூடிய விலை கிடையாது அவர் மீண்டு வந்தால், முன்சொன்ன விலையுடன் அக்கூலியையும் திருப்பிக் கொடுப்பார். விற்பவரின் அறியாமையை இலாபமாக்காத முறை அது.

மறுநாட் காலை அம்மையாரிடம் சென்று, நான் ஆசைப்பட்ட நூல்கள் எவை, அவற்றுள் அரியன எவை, அவற்றுக்கு என்னால் இயன்ற உச்ச விலை எது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறரிடமும் விசாரிக்குமாறு வேண்டினேன். கூலி கேட்கவில்லை. இரண்டு நூல்களுக்கு வேறொருவர் என்னிலும் கூடிய விலை கொடுத்தார்; அவை அவரிடமே சென்றன. இழப்பு எனக்கு உறுத்தியது உண்மை. எஞ்சிய நூல்களை விலை எழுதி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விற்றுக் கொடுத்தோம். விழா மலர்களையும் கல்வெட்டுக்களையும் வாங்க எவரும் முன்வரவில்லை. கடதாசிக்காரர் கூறிய நிறைவிலையை நானே அம்மையாரிடம் கொடுத்து அவற்றைப் பெற்றேன். இப்போது ஆண்டு வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அவை ஒரு நூலகத்தைச் சேரும்.