வில்லியம் குரூக்ஸ்

சர் வில்லியம் குரூக்ஸ் (ஜூன் 17, 1832 – ஏப்ரல் 4, 1919) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தவர். கதிரியக்கத்தின் விளைவைத் தனித்தனி ஒளிப்பொறிகளாகக் கண்ணால் காண வழிவகுத்த ஸ்பிந்தாரிஸ்கோப்பு என்ற கருவியை உருவாக்கியவரும் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

குரூக்ஸ் இலண்டனில் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1848-இல் அரச வேதியியல் கல்லூரியில் சேர்ந்து, ஆகஸ்ட் ஹாஃப்மனிடம் பயின்றார். 1859-இல் கெமிக்கல் நியூஸ் என்ற அறிவியல் இதழைத் தொடங்கினார். 1861-இல் நிறமாலையில் தென்பட்ட பச்சைக் கோட்டைக் கொண்டு தாலியத்தைக் கண்டறிந்தார். 1863-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1870களில் ஆவியுலகம் பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டதால் சக அறிவியலாளர்களின் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். எனினும் அவரது ஆய்வகப் பணி தடைபடவில்லை. 1897-இல் சர் பட்டம் பெற்றார். 1913 முதல் 1915 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார்.

ஸ்பிந்தாரிஸ்கோப்பு

1903-இல் துத்தநாக சல்பைடு பூசிய திரை ஒன்றின் அருகே சிறிதளவு ரேடியத்தை வைத்து உருப்பெருக்கியால் நோக்கியபோது, திரையின் ஒளிர்வு சீரானதாக இல்லாமல் எண்ணற்ற பொறிகளாகச் சிதறித் தோன்றுவதைக் கண்டார். ஆல்ஃபா துகள் மோதும் இடத்திலேயே பொறி தோன்றுகிறது. ஒரு முனையில் திரையும் அதன் முன் ரேடியத் துணுக்கும், மறுமுனையில் வில்லையும் கொண்ட சிறு குழாயாக இக்கருவியை அமைத்தார். பொறி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. அதே ஆண்டில் செருமனியில் எல்ஸ்டர், கைட்டல் ஆகிய இருவரும் இவ்விளைவைத் தனியாகக் கண்டறிந்தனர்.

தாக்கம்

அணு என்பது வெறும் கருத்தே என வாதிட்டோர் இருந்த காலத்தில், ஒற்றைத் துகளின் மோதலைக் கண்ணால் காண முடிந்தது பெரும் முன்னேற்றமாகும். 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்சுடனும் இருட்டறையில் அமர்ந்து இத்தகைய பொறிகளை எண்ணினர். பொறிகள் எந்தக் கோணங்களில் தோன்றின என்பதிலிருந்தே 1911-இல் ரதர்ஃபோர்டு அணுக்கருவை உய்த்துணர்ந்தார். களைப்படையும் மனிதக் கண்ணின் இடத்தை 1940களில் ஒளிமின் பெருக்கிக் குழாய் பிடித்தது.

பின்னர் உருவான ஒளிர் கண்ணாடி இழை உணரிகளும் இதே அடிப்படையில் இயங்குகின்றன. துகள் பட்ட இழையில் எழும் ஒளியின் ஒரு பகுதி முழு அகப் பிரதிபலிப்பினால் இழையின் முனையை அடைகிறது. எந்த இழை ஒளிர்ந்தது என்பதிலிருந்து துகள் பட்ட இடம் தெரியவருகிறது. இத்தகைய கண்ணாடிகள் பலவற்றில் சீரியம் சேர்க்கப்படுகிறது. கண்ணாடித் தொழிலாளரின் கண்களைக் காக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்காகச் சீரியம் கலந்த கண்ணாடிகளைக் குரூக்ஸும் ஆராய்ந்து, அம்முடிவுகளை 1914-இல் வெளியிட்டார்.

குரூக்ஸ் 1919-இல் இலண்டனில் தமது 86-ஆம் வயதில் காலமானார்.